‘மேலே இருப்பது வெறும் தகரம்தானே?’: பத்மினியின் டாப்பை அறுக்க நினைக்கும் வாசகருக்கு

கடிதத்தின் சுருக்கம்

ஈரோடு பகுதியில் ஜவுளித் தொழில் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை வாங்கிய 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி, பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றுகிடந்த பிறகு, இப்போது இஞ்சின் வேலை முடிந்து ஓடும் நிலைக்கு வந்திருக்கிறது. தங்கையின் திருமணத்துக்குள் அதை ‘ஓப்பன் டாப்’ காராக மாற்றி மாப்பிள்ளை அழைப்புக்குப் பயன்படுத்த வேண்டும், பிறகு முகூர்த்த நாட்களில் வாடகைக்கும் விடலாம் என்பது அவர் எண்ணம். தெரிந்த டிங்கர் ஒருவரிடம் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

திட்டம் இதுதான். முன்கண்ணாடிச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, கூரையைத் தாங்கும் தூண்களான நடு பில்லரையும் பின் பில்லரையும் ஜன்னல் தொடங்கும் உயரத்தில் அறுத்து டாப்பை முழுதாக எடுப்பது. பின்கதவுகளை வெல்டு வைத்து அடைத்து இரண்டு கதவுக் காராக்குவது. அகலமான டயர் போடுவதற்காக முன்சக்கர வளைவுகளை வெட்டிப் பெரிதாக்குவது. ஸ்டியரிங் தண்டில் உள்ள கியரைத் தரைக்குக் கொண்டுவர ஃப்ளோரில் துளையிடுவது. பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள பார்சல் தட்டில் ஸ்பீக்கருக்காக இரண்டு பெரிய வட்டங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டன. “அடியில் சேஸிஸ் இருக்கிறது, மேலே வெறும் தகரம்தான், பயமாக இருந்தால் இரண்டு அங்குல சதுர பைப் ஒன்றை இரு பக்கமும் அடியில் ஓட்டிவிடலாம்” என்று டிங்கர் சொல்லியிருக்கிறார். போக்குவரத்துத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மனைவியின் மாமாவோ, ஆர்.சி.க்கே ஆபத்து என்று எச்சரித்திருக்கிறார். “ஜீப்பில் டாப் இல்லையே, அது ஓடவில்லையா? அந்தக் காலத்து ஹெரால்டு காரில்கூட டாப்பைக் கழற்றி ஓட்டியிருக்கிறார்களே? மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?” என்பவை வாசகரின் கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாப்பை அறுக்க வேண்டாம். டிங்கரின் கைத்திறன் மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அவர் எந்த நம்பிக்கையின் மேல் நின்று பேசுகிறாரோ அந்த நம்பிக்கை உங்கள் காருக்குப் பொருந்தாது என்பதால்தான் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் இருக்கிறது என்றாலும், அவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன: பத்மினிக்கு அடியில் தனிச் சேஸிஸ் கிடையாது.

அடியில் இருப்பது என்ன?

லாரியிலும் பழைய ஜீப்பிலும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போன்ற ஒரு சேஸிஸ் இருக்கும். இஞ்சின், ஆக்சில், ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. மேலே வரும் பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்காருகிறது. பாடியை முழுவதும் கழற்றி வைத்துவிட்டாலும் சேஸிஸ் தன் நான்கு சக்கரங்களில் நிற்கும். ஜீப்புக்கு டாப் இல்லாமல் இருப்பதன் இரகசியம் இவ்வளவுதான். ஹெரால்டும் அப்படிப்பட்டதே. 1959இல் பிரிட்டனில் வெளிவந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த அந்தக் கார், தன் காலத்துச் சிறிய கார்களில் பலவும் கைவிட்டுவிட்ட தனிச் சேஸிஸை வைத்திருந்தது. அதன் கூரையே போல்ட் போட்டுப் பொருத்தும் தனிப் பாகமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. பிரிட்டனில் திறந்த மாதிரியைத் தயாரிப்பாளரே 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே ஹெரால்டில் டாப்பைக் கழற்றியதாக நீங்கள் கேள்விப்பட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் காருக்குச் சான்றாகாது.

பத்மினியின் மூதாதை 1953இல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100. அந்த மாதிரியில்தான் ஃபியட் நிறுவனம் தன் 1100 வரிசைக்குத் தனிச் சேஸிஸை விட்டுவிட்டு, பாடியையே சேஸிஸாக்கும் முறைக்கு மாறியது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைத் தயாரித்து, 1972இல் பிரெசிடெண்ட் என்றும் 1974இல் பத்மினி என்றும் பெயர் மாற்றியபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. அம்பாசடரும் இதே வகைதான். ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னான தடிப்புள்ள தகடுகளை மடித்து, பெட்டியாக்கி, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஸ்பாட் வெல்டு வைத்து உருவாக்கிய கூடு அது. அடியில் பார்க்கும்போது சேஸிஸ் சட்டம்போல நீளமாகத் தெரிவது, ஃப்ளோரோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்ட மெல்லிய தகட்டு மடிப்பு; அது தனித்து எதையும் தாங்காது. ஆர்.சி.யில் சேஸிஸ் எண் என்று ஒரு கட்டம் இருப்பதால் பலரும் சேஸிஸ் என்ற பொருள் எங்கோ அடியில் ஒளிந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். இவ்வகைக் கார்களில் அந்த எண் பாடியின் தகட்டிலேயே குத்தப்பட்டிருக்கும்.

டாப் தாங்கும் சுமை

சுமார் 900 கிலோ எடையுள்ள உங்கள் கார், முன்னும் பின்னும் 2.34 மீட்டர் இடைவெளியில் உள்ள ஆக்சில்களின்மேல் ஒரு பாலம்போல நிற்கிறது. நடுவில் நான்கைந்து பேர் ஏறும்போது அந்தப் பாலம் கீழ்நோக்கி வளைய முயல்கிறது. அதைத் தடுப்பது எது? கதவுகளுக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் சில் எனப்படும் பெட்டித் தகடு கீழ்ச் சட்டமாகவும், ஜன்னல்களுக்கு மேலே ஓடும் கூரையின் ஓரம் மேல்ச் சட்டமாகவும், பில்லர்கள் அவற்றை இணைக்கும் செங்குத்துக் கால்களாகவும் நின்று தடுக்கின்றன. இரண்டு சட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அந்த இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்து வளையாமல் நிற்கும் திறன் கூடும் என்பது கட்டமைப்புக் கணக்கின் அடிப்படை. சில்லுக்கும் கூரை ஓரத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது. டாப்பை அறுத்தால் மிஞ்சுவது ஒரு சாண் உயரம்கூட இல்லாத சில் மட்டுமே. கதவுகளுக்காக விட்ட பெரிய திறப்புகள் இருப்பதால் கணக்கில் வரும் பலன் முழுவதும் நடைமுறையில் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கழிவைக் கழித்த பிறகும் இழப்பு மிகப் பெரியது.

வளைவதைவிட மோசமானது முறுக்கு. ஒரு பக்க முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது காரின் முன்பகுதி ஒரு திசையிலும் பின்பகுதி மறு திசையிலும் திருகப்படுகின்றன. உங்கள் கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய்கள் இருக்கும். ஒன்றை இரு முனையிலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையாது. பிறகு நீளவாக்கில் ஒரே ஒரு கீறலாக முனையிலிருந்து முனைவரை கிழித்துவிட்டு மறுபடி திருகுங்கள்; கையோடு வந்துவிடும். அட்டை கொஞ்சமும் குறையவில்லை, மூடியிருந்த வளையம் திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஐந்து சென்டிமீட்டர் ஆரமும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாய்க்குக் கணக்குப் போட்டால், கிழித்த பிறகு முறுக்கைத் தாங்கும் விறைப்பு ஏழாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கார் அந்த அளவுக்குப் போகாது. ஃப்ளோரிலும் சில்லிலும் மூடிய பெட்டிகள் மிஞ்சியிருக்கும். ஆனால் ஃப்ளோர், பக்கங்கள், கூரை, பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாம் சேர்ந்து அமைத்த பெரிய மூடிய பெட்டி, டாப் போன அன்றே திறந்த பெட்டியாகிறது.

நீங்கள் ஸ்பீக்கருக்காக வட்டம் வெட்டிய பார்சல் தட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பொருள் வைக்கும் பலகை என்று தோன்றினாலும், காரின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒன்றோடொன்று கட்டும் தகடும் அதுதான். சிறிய துளைகளால் பெரிய கேடில்லை. அரையடிக்கு மேல் விட்டமுள்ள இரண்டு வட்டங்கள் என்றால், அவற்றின் விளிம்பில் தடித்த வளையத் தகடு வைத்து வெல்டு செய்துவிடுங்கள். டாப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டிய வேலை.

விபத்துக் கார்களை மதிப்பிடும் சர்வேயர் வேலையில், இப்படி டாப் எடுத்த ஒரு ஃபியட்டைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். விபத்து ஏதும் நடக்கவில்லை. கதவு சரியாக மூடவில்லை என்றுதான் கொண்டுவந்திருந்தார்கள். ஆள் ஏறாமல் நின்றபோது முன்கதவின் பின்விளிம்பில், மேற்பக்கம் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் அந்த இடைவெளி காணாமல் போய், கதவு நடு பில்லரின் கட்டையோடு இறுகிக்கொண்டது. உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில் பெயிண்ட் மயிரிழைபோல வெடித்திருந்தது. உரிமையாளர் அதைப் பெயிண்டரின் குறை என்று நினைத்து இரண்டு முறை பூசியிருந்தார். அது பெயிண்டின் வெடிப்பு அல்ல, உள்ளே தகடு களைத்து வெடிக்கத் தொடங்கியதன் அடையாளம். பழைய ஃபியட்டில் முன்கண்ணாடி ரப்பரில் உட்கார்ந்திருப்பதால், இன்றைய கார்களில் பசைபோட்டு ஒட்டிய கண்ணாடி தரும் துணையும் அங்கே கிடையாது. சட்டம் அசைந்தால் கண்ணாடி ஒன்று வெளியே வரும், அல்லது உடையும்.

நடு பில்லரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. உங்கள் காரில் முன்கதவின் பூட்டு மாட்டுவதும் பின்கதவின் கீல்கள் தொங்குவதும் அதே பில்லரில்தான். மேலே கூரையில் பிடிப்பு இருக்கும்வரை அது இரு முனையும் கட்டப்பட்ட தூண். அறுத்த பிறகு அது அடியில் மட்டும் பிடிப்புள்ள ஒரு கட்டை. கதவை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதன் அடி வெல்டு வாங்கிக்கொள்ளும். சீட் பெல்ட் மாட்டியிருந்தால் அதன் மேல்முனையும் அந்தத் தூணில்தான் இருக்கும், அதுவும் போய்விடும். பின்கதவுகளை அடைத்துவிடும் உங்கள் யோசனை, முறையாகச் செய்தால், அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் வலுவைக் கூட்டவே செய்யும். உங்கள் திட்டத்தில் வலுவுக்கு உதவும் ஒரே வேலை அதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கதவின் வெளித்தகட்டை மட்டும் விளிம்பில் ஆங்காங்கே வெல்டு வைத்து, மேலே பட்டி பூசி மறைப்பது அந்த வேலை அல்ல.

“முப்பது கிலோமீட்டர் வேகம்தானே?”

தகடு களைத்து வெடிப்பதற்கு வேகம் தேவையில்லை, குலுக்கல் போதும். மெதுவாகப் போகும் வண்டிக்கும் நம் சாலைகளில் குலுக்கலுக்குக் குறைவில்லை. தவிர, உங்கள் வேகத்தை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய முடியும். எதிரே வரும் டிப்பரின் வேகம் உங்கள் கையில் இல்லை. முன்பக்கம் மோதும்போது விசை மூன்று பாதைகளில் பின்னோக்கிப் பயணம் செய்கிறது: கீழே சில் வழியாக, நடுவே கதவுகளின் வழியாக, மேலே முன் பில்லரில் ஏறிக் கூரை ஓரத்தின் வழியாக. மூன்றாவது பாதையை நீங்களே மூடிவிட்டால், கதவுத் திறப்பு மடங்கும், கதவு சிக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும். இன்றைய கார்களில் உள்ளதுபோல மோதலில் தானே சுருங்கும் தண்டு அந்தக் காலத்து வடிவமைப்பில் கிடையாது.

மாப்பிள்ளை அழைப்பில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. திறந்த காரில் மணமக்கள் சீட்டில் உட்காருவதில்லை. ஊர் பார்க்க வேண்டும் என்று சீட்டின் முதுகின்மேல் ஏறி உட்காருகிறார்கள், பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள். ஊர்வலத்தின் நடுவே ஒரு சடன் பிரேக் போதும்.

இரண்டு அங்குல பைப் போதுமா?

போதாது. காரணம் மேலே சொன்ன இடைவெளிக் கணக்குத்தான்: ஒரு மீட்டர் உயரமுள்ள சட்டகத்தின் வேலையை ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள பைப் செய்ய முடியாது. மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள பைப்பை ஒரு மில்லிமீட்டர் தகட்டில் வெல்டு வைத்தால் இன்னொரு சிக்கலும் வருகிறது. பைப் அசையாது, தகடு அசையும். ஆகவே விசை முழுவதும் வெல்டின் முனையில் போய்க் குவிந்து, வெல்டை ஒட்டிய தகடு கிழியத் தொடங்கும். கேஸ் வெல்டிங் என்றால் சூட்டில் தகடு நெளிவது தனி. உருவத்தில் கனமாகத் தெரிவதால் பைப் மனத்துக்குத் தைரியம் கொடுக்கிறது, காருக்குக் கொடுப்பதில்லை.

பாடியே சேஸிஸாக உள்ள சிறிய கார்களைத் தயாரிப்பாளர்கள் எப்படித் திறந்த கார்களாக்கினார்கள் என்பதைப் பார்த்தால் வேலையின் அளவு புரியும். 1948இல் பிரிட்டனில் வந்த மோரிஸ் மைனர் தொடக்கத்திலிருந்தே கூரையுள்ள வடிவிலும் துணிக்கூரை வடிவிலும் விற்கப்பட்டது. துணிக்கூரை மைனரின் சில் பெட்டியிலும் டாஷ்போர்டின் கீழும் கதவுத் தூண்களின் அடியிலும் கூடுதல் வலுவூட்டித் தகடுகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டன. இன்று அங்கே கூரையுள்ள மைனரைத் திறந்த காராக மாற்றுபவர்கள், அதே தகடுகளை முதலில் வெல்டு வைத்து முடித்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஃபியட் நிறுவனம்கூட 1955இல் 1100 வரிசையில் ஒரு திறந்த காரை விற்றது; ஆனால் அது செடானின் டாப்பை அறுத்தது அல்ல, இருவர் உட்காரும் வேறொரு பாடி. பத்மினிக்கு அப்படி ஒரு தொழிற்சாலை வரைபடமோ, வலுவூட்டித் தகடுகளோ கிடைப்பதில்லை. உங்கள் டிங்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண்மட்டத்தில் ஊகித்துத்தான் செய்ய முடியும்.

மற்ற இரண்டு வெட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கியருக்காக ஃப்ளோரின் நடு மேட்டில் கையளவு துளையிட்டு, ஓரத்தில் தகடு வைத்து வலுப்படுத்தினால் கட்டமைப்புக்குப் பெரிய கேடில்லை. மேட்டையே நீளமாகப் பிளந்து எடுக்கக் கூடாது. சக்கர வளைவில் வெளிவிளிம்பைச் சற்று மடிப்பது வேறு, உள்தகட்டை வெட்டுவது வேறு. வெளித்தகடும் உள்தகடும் சேரும் இணைப்பை வெட்டிவிட்டால் பெட்டி திறந்துகொள்ளும், மழைநீரும் சேறும் உள்ளே போய்த் தங்கும். அகலமான டயரால் ஸ்டியரிங் கனமாகும், பேரிங்கில் சுமை கூடும். 1,089 சிசி இஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனைவியின் மாமா சொன்னது சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று சட்டம் எதைச் சொல்கிறதோ, செடானின் கூரையை எடுப்பதும் நான்கு கதவை இரண்டாக்குவதும் அதில் அடங்கும். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. மாநில விதியைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்து தெளிவு. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, 182ஏ பிரிவின் கீழ் இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அப்போது ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

வாடகை எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். வெள்ளைப் பலகை எண் உள்ள சொந்தக் காரைப் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது, டாப் இருந்தாலும் குற்றம்தான். காப்பீட்டில் இது இன்னும் கடுமையாக எதிரொலிக்கும். தெரிவிக்காத மாற்றத்தோடு, வாடகைச் சவாரியில் விபத்து நடந்தால், உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க வலுவான காரணம் இருக்கிறது. மூன்றாம் நபருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்ப வசூலிக்கும் உத்தரவுகளையும் தீர்ப்பாயங்களில் பார்த்திருக்கிறேன். உயிரிழப்பு ஏற்பட்டால், காரின் கட்டமைப்பை நீங்களே பலவீனப்படுத்தினீர்கள் என்பது குற்ற வழக்கிலும் உங்களுக்கு எதிராக நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, மூல வடிவில் பேணப்பட்ட வாகனங்களுக்கு அது பொருந்தும். சேஸிஸ், பாடி ஷெல், இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி போய்விடும். உங்கள் கார் 1978இல் பதிவானது என்றால் 2028இல் 50 ஆண்டு நிறைகிறது. அந்தப் பதிவின் கீழ் அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் ஓட்ட முடியாது என்பதால் எல்லோருக்கும் அது ஏற்றதல்ல. ஆனாலும் அந்த வாய்ப்பை இப்போதே ரம்பத்தால் அறுத்துப்போட வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

திருமணத்துக்குத் திறந்த வாகனம்தான் வேண்டும் என்றால், ஆர்.சி.யிலேயே திறந்த பாடி என்று பதிவான ஜீப் ஒன்றை, உரிய பெர்மிட்டோடு வாடகைக்கு ஓட்டுபவரிடம் எடுங்கள். பத்மினியை மூடிய காராகவே பெயிண்ட் அடித்து, பூ அலங்காரம் செய்து மணமக்களை உட்காரவைத்தால் அழகாக இருக்காதா? என் கண்ணுக்கு அந்தக் காரின் அழகில் பாதி, பின்கண்ணாடி வழியாக இறங்கும் அந்தக் கூரைக் கோட்டில்தான் இருக்கிறது. இது சொந்த ரசனை, சட்டமல்ல.

திறந்த பத்மினி என்ற ஆசை விடவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஓடும் நிலையில் இல்லாத, துருப்பிடித்த ஃபியட் கூடு ஒன்றை, 55ஆம் பிரிவின்படி பதிவு இரத்தான சான்றோடு வாங்கி, அதன் டாப்பை அறுத்து, இஞ்சின் இல்லாத காட்சிப் பொருளாக மண்டபங்களுக்கு லாரியில் ஏற்றி அனுப்பலாம். புகைப்படம் எடுக்கத்தான் மக்கள் அதைக் கேட்பார்கள்; சாலையில் ஓட வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதை அறுக்கும்போதும் பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் கழற்றி வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். காலி டேங்க்கில் தங்கும் ஆவிதான் முழு டேங்க்கைவிட ஆபத்து.

உங்கள் காருக்கு உடனே தேவைப்படுவது ஒரு சோதனை. சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, நான்கு கதவுகளின் இடைவெளிகளையும் மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் சக்கரம் தரையை விடும்வரை தூக்கி, அதே இடங்களை மறுபடி அளந்து, கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல பாடியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருக்கும். கதவு முனகினாலோ பூட்டு மாட்ட மறுத்தாலோ, டாப் இருக்கும்போதே உங்கள் சில் உள்ளுக்குள் போய்விட்டது என்று பொருள். பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற காரில் இது நடக்கக்கூடியதே. முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கி, ஃப்ளோரும் சில்லும் உள்ளிருந்து அரிக்கும். சில்லின் நீளத்துக்கும் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அடிமடிப்பில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். துரு அந்த மடிப்பைத் திறந்துவிட்டால், நீங்கள் கிழித்துப் பார்த்த அட்டைக் குழாயின் நிலைதான் சில்லுக்கும்.

டிங்கரிடம் கொடுத்த முன்பணம் வீணாக வேண்டாம். அதே தொகைக்கு இரண்டு பக்கச் சில்லையும் திறந்து, அரித்த தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்கே பைப் வைத்துத் தற்காலிகமாகக் கட்டிவிட வேண்டும். அவர் சொன்ன இரண்டு அங்குல பைப்புக்கு இதுதான் சரியான இடம். பழைய தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டி மூடும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இடையில் அடைபடும் துரு இரண்டையும் தின்றுவிடும். முடிந்ததும் சில்லுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும், நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். அடிப்பூச்சும் பட்டியும் ஏறுவதற்கு முன், வெல்டுகள் கண்ணுக்குத் தெரியும் நிலையிலேயே, வேறொரு பொறியாளரையோ சர்வேயரையோ அழைத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.